70 தாண்டினவங்க இருக்கிற வீட்டுல இப்பவே என்ன ரெடி பண்ணி வைக்கணும்? (வடசென்னை)

#1 தேரடி_வாசி

திருவொற்றியூர்ல முதல் மாடி வாடகை வீடு. செங்குத்தா 16 படி, ஒரு பக்கம்தான் கைப்பிடி. அப்பாவுக்கு 76: பிபி, சுகர், புரோஸ்டேட். அம்மாவுக்கு 71: சுகருக்கு இன்சுலின், முட்டி வலி. இப்போதைக்கு ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையை அவங்களே பார்த்துக்கிறாங்க.

விழுந்த பிறகு, வாய் கோணின பிறகு ஆட்டோ தேடி ஓடறதுக்குப் பதிலா இப்பவே என்ன செய்து வைக்கலாம்? "நல்லா சாப்பிடுங்க, காலையில நடங்க" எல்லாம் தெரியும். எது வர வாய்ப்பு அதிகம், வந்தா முதல்ல எப்படிக் காட்டும், வீட்டுல என்ன இருக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 வார்டு_சிஸ்டர்

காசு செலவாகாத வேலையில இருந்து ஆரம்பிங்க. ஆளுக்கு ஒரு தாள்.

கேஷுவாலிட்டில டாக்டர் கேட்கிற முதல் கேள்வி "என்ன நோய்"னு இருக்காது. "இவர் வழக்கமா எப்படி இருப்பார்?"னுதான் கேட்பார். வீட்டுல வர்ற பதில், "நல்லாத்தான் இருந்தார் சார்." அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. தாள்ல எழுத வேண்டியது: தனியா எவ்வளவு தூரம் நடப்பார் (கோயில் வரைக்கும் போய் வருவாரா, வீட்டுக்குள்ள மட்டுமா), படி ஏறினா எங்க நிக்கிறார், கடைக்காரன் கொடுத்த சில்லறையை எண்ணிப் பார்ப்பாரா, ராத்திரி எத்தனை தடவை ஒண்ணுக்குப் போக எழுந்திரிக்கிறார், எடை, வழக்கமான பிபி, கடைசியா எடுத்த கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்), சோடியம், எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்). எந்த மருந்து ஒத்துக்காது, எந்த ஆபரேஷன் எந்த வருஷம்.

கூடவே நல்லா இருக்கும்போது எடுத்த ஒரு ஈசிஜி. அதை அப்படியே ஃபைல்ல வைக்காதீங்க. ஈசிஜி தாள் சூட்டுல அச்சாகிற தாள், நம்ம ஊர் வெயிலுக்கு நாளாவட்டத்துல வெளுத்துப் போகும். ஜெராக்ஸ் எடுத்து வைங்க, போன்லயும் ஒரு போட்டோ இருக்கட்டும். நெஞ்சு வலின்னு போய் நிக்கும்போது, ஈசிஜியில இருக்கிற மாற்றம் பழசா புதுசான்னு அந்த ஒரு தாள் சொல்லிடும்.

எடையை மாசம் ஒரு தடவை எழுதுங்க. 60 கிலோ ஆள், முயற்சி பண்ணாமலே ஆறு மாசத்துல 3 கிலோ குறைஞ்சா அதைக் கேட்காம விடக்கூடாது. "வயசாயிட்டா அப்படித்தான்"னு சொல்லியே பாதி நோய் பின்னாடி போகுது. வயசு மெதுவா வரும். ரெண்டு நாள்ல வந்தது வயசு இல்ல.

#3 மருந்துச்சீட்டு

சிஸ்டர் சொன்ன தாளோட மறுபக்கம் மாத்திரைக்கு.

வீட்டுல இருக்கிற மருந்து மொத்தத்தையும் பாய்ல கொட்டுங்க. ஜி.எச். கவர்ல இருக்கிறது, மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வந்தது, தெருமுனை கிளினிக்ல எழுதினது, மெடிக்கல்ல கேட்டு வாங்கினது, சூரணம், லேகியம், கண் சொட்டு, எல்லாம். அட்டையில பெரிய எழுத்துல இருக்கிற கம்பெனிப் பேரைப் பார்க்காதீங்க. கீழ பொடியா இருக்கிற மருந்துப் பேரைப் படிங்க. அங்கதான் விஷயம். ஜி.எச்.ல பிபிக்குக் கொடுத்த அம்லோடிபின் ஒரு அட்டை. கிளினிக்ல எழுதின டெல்மிசார்டான், அம்லோடிபின் சேர்ந்த மாத்திரை இன்னொரு அட்டை. நிறம் வேற, பேர் வேற, ஆனா அம்லோடிபின் ரெண்டு தடவை உள்ளே போகுது. சுகருக்கான மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரையிலயும் இதே கதை. பெரியவங்க "மஞ்ச மாத்திரை, வெள்ளை மாத்திரை"ன்னுதான் ஞாபகம் வெச்சிருப்பாங்க. கம்பெனி மாறினா நிறமும் மாறும்.

டாக்டர்கிட்ட தனியா எடுத்துக் காட்டிக் கேட்க வேண்டியவை சிலது இருக்கு. கிளிபென்கிளமைடுங்கிற சுகர் மாத்திரை இருந்தா முதல்ல அதைக் கேளுங்க. வயசானவங்களுக்கு, அதுவும் கிட்னி கொஞ்சம் குறைஞ்சவங்களுக்கு, சுகரை இறக்கிட்டு மணிக்கணக்கா ஏற விடாது. அடுத்து வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் தினமும் ஓடுதான்னு பாருங்க. டெல்மிசார்டான் அல்லது எனலாப்ரில் மாதிரி பிபி மாத்திரை ஒண்ணு, நீர் பிரியுற மாத்திரை ஒண்ணு, அதுக்கு மேல வலி மாத்திரை ஒண்ணு, இந்த மூணும் சேர்ந்தா கிட்னி மேல மூணு பக்கம் அடி. முட்டி வலிக்குப் பாராசிட்டமால் 650, ஆறு மணி நேர இடைவெளியில, நாளைக்கு 4க்கு மேல வேண்டாம். கல்லீரல் கோளாறு, குடிப்பழக்கம் இருந்தா இன்னும் குறைச்சல், டாக்டரைக் கேட்டு.

அப்புறம் அவில். அரிப்புக்கும் சளிக்கும் ஆளாளுக்கு வாங்கிப் போடறாங்க. பெரியவங்களுக்கு அது தலையைக் குழப்பும், மலச்சிக்கல் கொடுக்கும், புரோஸ்டேட் இருக்கிற ஆம்பளைக்கு ஒண்ணுக்கே அடைச்சிடும். நிறைய சளி மாத்திரை, இருமல் மருந்துலயும் அதே வகைச் சரக்கு இருக்கு. அல்பிரசோலாம் மாதிரி தூக்க மாத்திரை இருந்தா விழறதுக்கு வழி. ஆனா பல மாசமா சாப்பிடறதை ஒரே நாள்ல நிறுத்தினா நடுக்கம், வலிப்பு வரை போகும். அதைப் படிப்படியாத்தான் குறைக்கணும். பொதுவாவே, இதைப் படிச்சிட்டு எதையும் நீங்களா நிறுத்தாதீங்க.

மெட்ஃபார்மின் பல வருஷமா சாப்பிடறவங்களுக்கு பி12 குறையும். பாதம் எரியுது, மரத்துப் போகுதுன்னா எல்லாத்தையும் சுகர் தலையில கட்டாம பி12ம் பார்க்கச் சொல்லுங்க.

#4 கொருக்குப்பேட்டை_நந்தா

பிபி மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து ரெண்டு கணுக்காலும் வீங்குதுன்னு சொன்னா, அதுக்கு நீர் மாத்திரை எழுதறாங்க. அது சரியா?

#5 மருந்துச்சீட்டு

அம்லோடிபின்ல கணுக்கால் வீக்கம் வர்றது சகஜம். உடம்புல தண்ணி தேங்கி வர்ற வீக்கம் இல்ல அது. ரத்தக்குழாய் விரியறதால கசியறது. நீர் மாத்திரைக்கு அது பெரிசா வடியாது. ஆனா நீர் மாத்திரை தன் வேலையைக் காட்டும்: ராத்திரி எழுந்து எழுந்து ஒண்ணுக்குப் போவாங்க, சோடியம் பொட்டாசியம் குறையும், எழுந்தா தலை சுத்தும், சுத்தினதுக்கு இன்னொரு மாத்திரை வரும். "இந்த வீக்கம் அம்லோடிபினாலயா இருக்குமா? அளவைக் குறைக்கலாமா, மாத்தலாமா?"ன்னு கேளுங்க. மூச்சு வாங்கினா, படுத்தா திணறினா, ஒரே கால் மட்டும் வீங்கி வலிச்சா அது வேற விஷயம். அன்னிக்கே காட்டணும்.

#6 பிசியோ_ராயபுரம்

பிபி மெஷின் வாங்கினா கையில மாட்டுற வகை வாங்குங்க, மணிக்கட்டு வகை வேண்டாம். பட்டை கைக்குப் பொருந்தணும். பருமனான கைக்குச் சின்ன பட்டை போட்டா பிபி கூடுதலாக் காட்டும். காபி குடிச்சு அரை மணி ஆகியிருக்கணும், ஒண்ணுக்குப் போய்ட்டு வந்து, நாற்காலியில முதுகு சாய்ச்சு, பாதம் ரெண்டும் தரையில பட, அஞ்சு நிமிஷம் பேசாம உட்காரணும். கை நெஞ்சு உயரத்துல மேஜை மேல. சட்டைக்கு மேல பட்டை சுத்தக்கூடாது. ஒரு நிமிஷ இடைவெளியில ரெண்டு தடவை. காலையில மாத்திரைக்கு முன்னாடி, அப்புறம் சாயங்காலம். ஏழு நாள் எழுதி, முதல் நாளைத் தள்ளிட்டு சராசரி பாருங்க. வீட்டுல 135/85க்கு மேலயே நின்னா டாக்டர்கிட்ட அந்த நோட்டைக் காட்டணும்.

யாரும் எடுக்காத அளவு ஒண்ணு இருக்கு. அஞ்சு நிமிஷம் படுக்க வெச்சு ஒரு பிபி. எழுந்து நிக்கச் சொல்லி 1 நிமிஷத்துல ஒண்ணு, 3 நிமிஷத்துல ஒண்ணு. பக்கத்துல பிடிச்சுக்க ஆள் இருக்கணும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினா, அந்த ஆள் விடியற்காலையில பாத்ரூம் வாசல்ல விழப்போற ஆள். புரோஸ்டேட்டுக்குக் கொடுக்கிற டாம்சுலோசின், பிரசோசின், நீர் மாத்திரை, வெயில்ல தண்ணி குடிக்காதது, எல்லாம் காரணம்தான். உங்க அப்பாவுக்கு இதைக் கட்டாயம் பாருங்க.

#7 பிசியோ_ராயபுரம்

வீட்டு வேலை பத்தித் தனியா எழுதறேன்.

பாத்ரூம்ல துண்டு போடற கம்பியைப் பிடிச்சுதான் நம்ம ஆளுங்க எழுந்திரிப்பாங்க. அது துண்டுக்கான கம்பி, ஆளைத் தாங்காது. 1¼ அல்லது 1½ அங்குல எஸ்.எஸ். பைப்ல கைப்பிடி வைங்க, சுவருக்கும் அதுக்கும் நடுவுல 1½ அங்குலம் இடைவெளி இருந்தா போதும். ரொம்ப விட்டா கை வழுக்கும்போது முழங்கை உள்ளே போய் மாட்டிக்கும். உயரத்துக்கு அளவு தேடாதீங்க. ஆளையே உட்கார வெச்சு, முழங்கை லேசா மடங்கினபடி கை எங்க போகுதோ அங்க சாக்பீஸ்ல குறி போடுங்க.

கோளாறு எங்க வரும்னா, பழைய வீட்டு பாத்ரூம் சுவர் பெரும்பாலும் 4½ அங்குலச் செங்கல். பிளாஸ்டிக் பிளக், ரெண்டு அங்குல ஸ்க்ரூ போட்டா அது டைல்ஸையும் பூச்சையும்தான் பிடிச்சிருக்கும். ஆறு மாசத்துல ஈரம் ஏறி ஒரு நாள் மொத்தமா கையோட வரும். அப்படிச் சுவர்னா துளையை மறுபக்கம் வரைக்கும் விட்டு, அந்தப் பக்கம் இரும்புத் தகடு வெச்சு போல்ட்டா முடுக்கச் சொல்லுங்க. மாட்டின பிறகு கொத்தனாரையே ரெண்டு கையாலயும் தொங்கிப் பார்க்கச் சொல்லுங்க. ஓனர் துளை போட ஒத்துக்கலைன்னா, தரையில நிக்கிற நாலு கால் ஃப்ரேம் இருக்கு. இந்தியன் டாய்லெட் மேல போடற கமோடு ஸ்டூலும் சர்ஜிக்கல் கடையில கிடைக்கும். கால் ரப்பர் தேய்ஞ்சிருக்கான்னு மாசம் ஒரு தடவை பாருங்க. உறிஞ்சி ஒட்டிக்கிற வேக்கம் கைப்பிடி பக்கமே போகாதீங்க.

16 படிக்கு இன்னொரு பக்கமும் கைப்பிடி. ஒவ்வொரு படி விளிம்புலயும் ரெண்டு அங்குலத்துக்கு மஞ்சள் பெயின்ட். மேலயும் கீழயும் போட்டு அணைக்கிற மாதிரி ரெண்டு ஸ்விட்ச். படியில செருப்பு விடறது, குடம் அடுக்கறது இன்னியோட நிக்கணும். அம்மா அடிபம்புல இருந்தோ லாரியில இருந்தோ குடம் தூக்கறாங்கன்னா அதையும் நிறுத்துங்க. 15 லிட்டர் குடம் 15 கிலோ. குனிஞ்சு தூக்கும்போது எலும்பு தேய்ஞ்ச பொம்பளைங்களுக்கு முதுகெலும்பு அப்படியே அமுங்கி நசுங்கும். விழாமலே எலும்பு உடையும். திடீர்னு முதுகு நடுவுல பிடிச்சிக்கிட்டு அசைய முடியலைன்னா "சுளுக்கு"ன்னு எண்ணெய் போடறதுக்கு முன்னாடி ஒரு எக்ஸ்ரே.

கால் பலத்தைச் சோதிக்க: நாற்காலியில இருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு விநாடி? 12 அல்லது அதுக்கு மேலன்னா விழற அபாயம் உண்டு. பயிற்சியும் அந்த நாற்காலிதான். கையை ஊணாம எழுந்து உட்காரறது, பத்துப் பத்தா, நாளைக்கு ரெண்டு மூணு தடவை. முடியலைன்னா முதல்ல கை ஊணி. முட்டி வலிக்காரங்க உட்கார்ந்தபடி காலை நேரா நீட்டி 5 விநாடி நிறுத்தி இறக்கணும், பக்கத்துக்கு 10. இது முட்டிக்கு உதவும்.

#8 காசிமேடு_பாபு

எங்க பக்கம் யார் விழுந்தாலும் நேரா புத்தூர் கட்டுதான். கை உடைஞ்சதெல்லாம் சரியா சேர்ந்திருக்கு. இடுப்பு உடைஞ்சா மட்டும் கட்டு வேணாம்னு ஏன் சொல்றாங்க?

#9 எலும்பு_வார்டு

கை எலும்பு பெரும்பாலும் அதுவா சேரும். கட்டு போட்டாலும் சேரும், மாவுக்கட்டு போட்டாலும் சேரும். கோணலா சேருமா நேரா சேருமாங்கிறதுதான் கேள்வி. இடுப்பு அப்படி இல்ல. பெரியவங்க விழுந்து உடையறது பெரும்பாலும் தொடை எலும்போட கழுத்து, இல்லைன்னா அதுக்குச் சற்றுக் கீழ. இடுப்புக் குழிக்குள்ள இருக்கிற எலும்பு உருண்டைக்குப் போற ரத்தம் அந்தக் கழுத்து வழியாத்தான் போகுது. அங்க உடைஞ்சு விலகினா ரத்தம் நின்னு உருண்டை செத்துப் போகும். தொடைத் தசை எல்லாம் ரொம்பப் பெரிசு, அதுங்க எலும்பை மேல இழுத்துக்கிட்டே இருக்கும். எந்தக் கட்டும் வெளியில இருந்து அதைப் பிடிச்சு நிறுத்த முடியாது.

அடையாளம் பார்க்கிறது சுலபம். மல்லாக்கப் படுக்க வெச்சுக் கால்மாட்டுல நின்னு பாருங்க. உடைஞ்ச கால் ஒரு அங்குலம் குட்டையா இருக்கும், பாதம் வெளிப்பக்கமா சாய்ஞ்சு கட்டைவிரல் சுவரைப் பார்க்கும். குதிகாலைத் தூக்கச் சொன்னா தூக்க முடியாது. சில சமயம் எலும்பு ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகி நிக்கும். அப்போ கால் பார்க்க நல்லாவே இருக்கும், நாலடி நடக்கக் கூட செய்வாங்க, தொடையிடுக்குல மட்டும் வலி. அதுக்கும் எக்ஸ்ரே வேணும்.

ஆபரேஷன் 48 மணி நேரத்துக்குள்ள நடந்தா நல்லது. அவசரம் எலும்புக்காக இல்ல. படுத்தபடியே கிடக்கிற ஒவ்வொரு நாளும் நெஞ்சுல சளி கட்டும், கால்ல ரத்தம் உறையும், முதுகுல புண் வரும். ஆள் போறது இதுலதான். "பத்து நாள் கட்டு போட்டுப் பார்ப்போம்"னு விட்டா அந்தப் பத்து நாள் திரும்பி வராது.

உங்க படியில இறக்கும்போது: உட்கார வைக்காதீங்க, நிக்க வைக்காதீங்க, காலை இழுத்து நேராக்காதீங்க. ரெண்டு காலுக்கும் நடுவுல தலையணை வெச்சு ரெண்டையும் சேர்த்துக் கட்டுங்க. தடிமனான ஜமக்காளத்துல படுக்க வெச்சு நாலு பேர் தூக்கணும், தலை மேல் பக்கம். 108க்கு போன் பண்ணும்போதே "முதல் மாடி, படி குறுகல்"னு சொல்லிடுங்க.

#10 காசிமேடு_பாபு

புரிஞ்சுது. படுக்கையில விழுந்துட்டா புண் வராம இருக்க வாட்டர் பெட் போதுமா?

#11 வார்டு_சிஸ்டர்

போதாது. படுக்கை எதுவானாலும் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்தணும், ஒருக்களிச்சு லேசா 30 டிகிரி சாய்ச்சு. முழுசா பக்கவாட்டுல படுக்க வெச்சா இடுப்பெலும்பு குத்தும். கெண்டைக்காலுக்குக் கீழ தலையணை, குதிகால் காத்துல நிக்கணும். நடுவுல ஓட்டை இருக்கிற ரப்பர் வளையம் வைக்காதீங்க, சுத்தி ரத்த ஓட்டத்தை அதுவே அடைக்கும். சிவந்த இடத்தை விரலால அமுக்கி எடுங்க. வெளுத்துத் திரும்பச் சிவந்தா இன்னும் நேரம் இருக்கு. வெளுக்கவே இல்லைன்னா புண் உள்ளே ஆரம்பிச்சாச்சு. கறுத்த தோல்ல நிறம் தெரியாது, சூடா, கல்லு மாதிரி இருக்கான்னு தொட்டுப் பாருங்க. அந்த இடத்துல தேய்க்கக் கூடாது.

#12 நரம்புக்_கணக்கு

பக்கவாதம் பத்தி ஒரே ஒரு தகவல் நினைவுல இருந்தா போதும்: நேரம். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை 4½ மணி நேரத்துக்குள்ள போடணும். அந்தக் கணக்கு நீங்க பார்த்த நேரத்துல இருந்து ஆரம்பிக்காது. கடைசியா நல்லா இருந்த நேரத்துல இருந்து ஆரம்பிக்கும். காலையில 6 மணிக்கு வாய் கோணி எழுந்தா, ராத்திரி 10 மணிக்கு நல்லாப் படுத்தார்னா, கணக்கு 10 மணி. அதனால ராத்திரி எழுந்து தண்ணி குடிச்சாரா, பேசினாரான்னு வீட்டுல யாருக்காவது தெரியுமா, கேட்டுக் குறிச்சுக்கங்க.

சிரிக்கச் சொல்லுங்க, ரெண்டு கையையும் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்க, ஒரு வரி பேசச் சொல்லுங்க. திடீர் தள்ளாட்டம், திடீர்னு பார்வை போறது கூட இதுலதான் சேரும். சுகர் ஆளுன்னா உடனே குளுக்கோமீட்டர்ல குத்திப் பாருங்க, சுகர் இறங்கினாலும் இதே மாதிரி ஒரு பக்கம் இழுக்கும். வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க. ஆஸ்பிரின் கொடுக்காதீங்க, ஸ்கேன் எடுக்காம அடைப்பா கசிவான்னு யாருக்கும் தெரியாது. பிபி ஏறியிருக்குன்னு கூடுதல் மாத்திரையும் வேண்டாம். பத்து நிமிஷத்துல சரியாப் போச்சுன்னாலும் அன்னிக்கே போகணும், பெரிசா வர்றதுக்கு முன்னாடி அது ஒரு எச்சரிக்கை.

எங்க போறதுன்னு இப்பவே முடிவு பண்ணுங்க. பக்கத்து நர்சிங் ஹோம்ல சி.டி. ஸ்கேன் இல்லைன்னா அங்க போன ஒவ்வொரு நிமிஷமும் வேஸ்ட். நம்ம பக்கத்துக்கு ஸ்டான்லி, அதைத் தாண்டினா சென்ட்ரல் எதிர்ல ராஜீவ் காந்தி ஜி.எச். எண்ணூர் ஹைரோட்டுல கன்டெய்னர் லாரி நிக்கிற நேரம் உங்களுக்குத் தெரியும், மாற்று வழியை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.

#13 வார்டு_சிஸ்டர்

இதோட இன்னொண்ணு. நேத்து வரைக்கும் தெளிவா இருந்தவர் இன்னிக்கு ஆள் தெரியாம பேசறார், ராத்திரி முழுக்க உளறி பகல்ல தூங்கறார்னா அதை "மறதி நோய்"னு எழுதிடாதீங்க. மறதி நோய் மாசக்கணக்கா, வருஷக்கணக்கா வரும். இப்படி ஒரே நாள்ல புரண்டா உள்ளே ஏதோ ஓடுது: சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைஞ்சது, சுகர் இறங்கினது, புதுசா ஆரம்பிச்ச மாத்திரை, ஏன், நாலு நாளா மலம் போகாதது கூட. பெரியவங்களுக்குக் காய்ச்சலே இல்லாம தொற்று வரும். அடிவயிறு உப்பி ஒண்ணுக்குச் சொட்டுச் சொட்டா வருதான்னு பாருங்க, அடைச்சிருந்தா டியூப் போட்ட அரை மணியில ஆள் தெளிவாகறது உண்டு. ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் மாதிரி நீர் மாத்திரை சாப்பிடறவங்கன்னா சோடியம் டெஸ்ட்டைக் கேட்டு வாங்குங்க.

மாரடைப்பும் இப்படித்தான் வேஷம் போடும். சுகர்காரங்களுக்கு நெஞ்சு வலியே வராம, திடீர் மூச்சிரைப்பு, சில்லுனு வேர்வை, காரணமில்லாத அசதியா வரும். "கேஸ்"னு சோடா குடிக்க வைக்காதீங்க.

#14 பெரம்பூர்_கண்ணாடி

கண் பத்தி யாரும் சொல்லல. புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடறவர் கண்புரை ஆபரேஷனுக்குப் போனா, முன்னாடியே அதைச் சொல்லணும், நிறுத்தி இருந்தாலும் சொல்லணும். அந்த மருந்து கருவிழித் திரையைத் தளர்த்தும், ஆபரேஷன் நடுவுல அது தொளதொளன்னு ஆடும். முன்கூட்டித் தெரிஞ்சா டாக்டர் அதுக்கு ஏத்த மாதிரி தயாராப் போவார். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலயும் ஆபரேஷன் பண்ணிக்கலாம், 1819ல இருந்து இருக்கிற இடம். இன்னொண்ணு, மேல தூரம் கீழ படிக்கிற கண்ணாடி போட்டு படி இறங்கினா, காலடி மங்கலாத்தான் தெரியும். படிக்கு தூரப் பார்வைக் கண்ணாடி தனியா வெச்சுக்கறது நல்லது.

#15 மருந்துச்சீட்டு

அம்மாவோட இன்சுலினுக்கு வர்றேன். பாட்டில்ல "40" போட்டிருக்கா "100" போட்டிருக்கான்னு பாருங்க. நம்ம ஊர்ல பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவுல போடற கார்ட்ரிட்ஜ் 100. சிரிஞ்சும் ரெண்டு வகை: 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. மூடி நிறத்தோட சிரிஞ்சு மேல இருக்கிற எழுத்தையும் படிங்க. 100 இன்சுலினை 40 சிரிஞ்சுல இழுத்தா டோஸ் ரெண்டரை மடங்கு.

வெள்ளையா கலங்கலா இருக்கிற 30/70 வகையை உள்ளங்கையில உருட்டிக் கலக்கணும், குலுக்கக் கூடாது. பிரிக்காத பாட்டில் ஃப்ரிட்ஜ் கதவுல அல்லது நடுத்தட்டுல, ஃப்ரீசர்ல இல்ல. பிரிச்சது சுமார் 28 நாள், பிரிச்ச தேதியை பாட்டில்ல எழுதுங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி நாள்கணக்கா கரன்ட் போனா, மண்பானையை ஈர மணல் மேல வெச்சு, பாட்டிலை டப்பாவுல போட்டு உள்ளே வைங்க.

சுகர் 70க்குக் கீழ போனா 3 டீஸ்பூன் சர்க்கரை தண்ணியில கலக்கி. பிஸ்கட், சாக்லேட் வேண்டாம், கொழுப்பு இருக்கறதால மெதுவா ஏறும். 15 நிமிஷத்துல திரும்பக் குத்திப் பாருங்க, ஏறலைன்னா இன்னொரு தடவை. ஏறினதும் இட்லியோ சாதமோ. நினைவில்லைன்னா வாயில ஊத்தாம ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108. அட்டெனோலால், மெட்டோப்ரோலால் மாதிரி பிபி, இதய மாத்திரை சாப்பிடறவங்களுக்குப் படபடப்பு தெரியாது, வேர்வை மட்டும்தான் காட்டிக் கொடுக்கும். அமாவாசை விரதம், ரம்ஜான் நோன்பு, எதுவானாலும் ஊசி அளவை முன்னாடியே கேட்டு மாத்திக்கணும்.

70 வயசு ஆளுக்கு எச்பிஏ1சி 6.5க்கு வரணும்னு துரத்தாதீங்க. வேற நோயும் சேர்ந்து இருக்கிறவங்களுக்கு 8க்குக் கீழ இருந்தாலே ஏத்துக்கிறாங்க. இறங்கி விழறதுதான் பெரிய ஆபத்து.

#16 மணலி_குமார்

கத்திரி வெயிலையும் சேர்த்துக்கங்க. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டுல மத்தியானம் ஃபேன் அனல் காத்தைத்தான் தள்ளும். ஈரத்துணி போட்டுத் துடைச்சா ஃபேன் வேலை செய்யும். வாந்தி பேதி வந்தா நீர் மாத்திரை, மெட்ஃபார்மின், டெல்மிசார்டான் எல்லாம் அந்த ரெண்டு நாளைக்கு நிறுத்தணுமான்னு டாக்டரை முன்கூட்டியே கேட்டுத் தாள்ல எழுதி வைங்க. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்ல எத்தனை தண்ணின்னு போட்டிருக்கோ அத்தனைதான், பெரிசு ஒரு லிட்டர். இதய பலவீனம்னு தண்ணி அளவு சொல்லியிருந்தா இது பொருந்தாது.

காப்பீட்டு அட்டை இல்லைன்னா இப்பவே எடுங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், வருஷ வருமானம் 1,20,000 ரூபாய் வரைக்கும். போக வேண்டிய இடம் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகை, அதான் கலெக்டர் ஆபீஸ். ஆளை ஐ.சி.யூ.வுல வெச்சுட்டு வருமானச் சான்று வாங்க அலையற வேலை இருக்கே, வேணாம்.

முதியோருக்குன்னே தனிப் பிரிவு ராஜீவ் காந்தி ஜி.எச்.ல 1978ல இருந்து இருக்கு. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்துல தேசிய முதியோர் நல மையம் 2024ல திறந்தாங்க. விம்கோ நகர்ல ஏறினா மாறாம கிண்டி மெட்ரோ, அங்க இருந்து ஆட்டோ. அஞ்சு டாக்டர்கிட்ட அஞ்சு சீட்டு இருக்கிறவங்க எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுக் குறைக்கச் சொல்றதுக்கு ஏத்த இடம். முதியோர் உதவி எண் 14567.

#17 தேரடி_வாசி

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு விஷயம் கேட்கணும்.

அப்பா பிபி: படுத்து 146/80. நின்னு 1 நிமிஷம் 122/72, 3 நிமிஷம் 118/70. பையில டாம்சுலோசின் காலையில, நீர் மாத்திரை ராத்திரின்னு இருக்கு.

அம்மா: பாட்டில்ல 40. சிரிஞ்சு ஆரஞ்சு மூடி, 100னு போட்டிருக்கு. 20 கோடு வரைக்கும் இழுக்கிறாங்க. சிவப்பு மூடி வாங்கிட்டு வந்துட்டேன். இன்னிக்கு ராத்திரியே மாத்திடலாமா?

#18 பிசியோ_ராயபுரம்

அப்பாவுக்கு 28 இறங்குது, இதுவே போதும். இந்த வாரமே அந்த நோட்டோட போங்க. நீர் மாத்திரை ராத்திரி ஏன்னும், டாம்சுலோசினைச் சாப்பாட்டுக்கப்புறம் படுக்கப் போகும்போதுக்கு மாத்தலாமான்னும் கேளுங்க. அதுவரைக்கும் கட்டில் பக்கத்துல யூரின் கேன். எழுந்ததும் ரெண்டு நிமிஷம் கட்டில் விளிம்புல உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டிட்டு அப்புறம் எழுந்திரிக்கட்டும்.

#19 மருந்துச்சீட்டு

மாத்தாதீங்க! 100 சிரிஞ்சுல 20 கோடுன்னா 0.2 மில்லி. 40 இன்சுலின்ல அது 8 யூனிட்தான். அம்மா இத்தனை நாளும் 20ன்னு நினைச்சு 8 போட்டுட்டு இருந்திருக்காங்க. புது சிரிஞ்சுல அதே 20 கோடு இழுத்தா நிஜமாவே 20 யூனிட் போகும், ஒரே ராத்திரியில ரெண்டரை மடங்கு. விடியற்காலை 3 மணிக்கு இறங்கும்.

இன்னிக்குப் பழைய சிரிஞ்சு, பழைய கோடு. சுகர் இப்போ எவ்வளவுன்னு குத்திப் பாருங்க. 300க்கு மேல இருந்து வாந்தி, அசதி, மூச்சிரைப்பு இருந்தா ராத்திரியே கூட்டிட்டுப் போங்க. இல்லைன்னா நாளைக்குக் காலையில பாட்டில், ரெண்டு சிரிஞ்சு, சுகர் நோட்டு எல்லாம் கையோட எடுத்துட்டுப் போய், "சீட்டுல 20, உள்ளே போனது 8"னு இந்தக் கணக்கை அப்படியே சொல்லுங்க. எவ்வளவுல ஆரம்பிக்கணும்னு அவர் எழுதித் தந்த பிறகு சிவப்பு மூடி. ஆரஞ்சு சிரிஞ்சு மிச்சம் இருந்தா, ஞாபக மறதியா எடுத்துடாம, அன்னிக்கே வீட்டை விட்டு வெளியேத்திடுங்க.